தரை கழுவாதவனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நலமாகத்தான் இருப்பாய். கஷ்டம் வருகிற நேரம் பார்த்து அந்த இடத்தைவிட்டு நகர்ந்துகொள்ளும் சாமர்த்தியம் உனக்குப் பிறவியிலேயே உண்டு. கடல் தாண்டிப் போனபிறகும் அது உன்னை விட்டுப் போயிருக்காது. நாங்களும் இருக்கிறோம்.

இந்தக் கடிதத்தை எதிர்வீட்டு டீச்சரின் மருமகனிடம் கொடுத்தனுப்புகிறேன். லீவு முடிந்து உங்கள் கம்பெனிக்கே திரும்பி வருகிறார். உன் கையில் கொடுத்துவிட்டு, கடைசி வரி வரை நீ படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். அதனால் பாதியில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதே. போனில் சொன்னால் ஆகாதா என்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ நாலு தடவை 'சரிக்கா' போட்டுவிடுவாய். அதோடு, இந்த வீட்டில் சிக்னல் கிடைப்பது கூடத்தில் மட்டும்தான். கூடத்தில் கட்டில் போட்டு உன் அத்தான் படுத்திருக்கிறார். அவர் காதில் விழக்கூடாத விஷயத்தை நான் எங்கே போய்ப் பேசுவது? கொட்டகையில் ஒரு தண்ணீர்க் கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கொட்டகைச் சுவரில் நீ சாக்பீஸால் எழுதிவைத்த அளவுகளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாய். உங்கள் கேம்ப்பிலிருந்து வேலை நடக்கும் இடத்துக்குப் பதினான்கு ஆட்களை ஏற்றிப்போகிற ஃபோர்வீல் வண்டி பின்பக்கம் தொய்கிறதாம். நம் வீட்டு வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை நீயே பலப்படுத்தி, பின்னால் உயர்த்தி, கல் மாதிரி ஆக்கிய கதையை சூப்பர்வைசரிடம் அளந்தாயாம். அவரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுவிட்டு, அடுத்த வாரம் வண்டியை உன் கையில் ஒப்படைக்கிறாராம். தகடுகூட வெட்டி வைத்துவிட்டாயாம். இதெல்லாம் நடந்தால் உனக்கு வொர்க்ஷாப் பக்கம் மாற்றல் கிடைக்குமாம். எவ்வளவு சந்தோஷம் உன் குரலில்.

போட்டோ வராது. சுவருக்கு வெள்ளையடித்துவிட்டேன். அந்த வண்டியில் நீ கை வைக்கக் கூடாது. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், மற்றதெல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம். நீ விளக்கம் கேட்காமல் எதையும் விடுகிற ஆள் இல்லை, கேட்டபிறகும் விடுகிற ஆள் இல்லை என்பது வேறு.

உன் திருப்பணியை முதலில் உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். வேலை இல்லாமல் வீட்டில் கிடந்த நாளில் மாதக்கணக்காகப் போனில் வீடியோ பார்த்தாய். யாரோ ஒருவன் மணல்மேட்டில் வண்டி ஏற்றுவான், யாரோ ஒருவன் ஆற்றுக்குள் இறக்குவான். நீ படுத்த படுக்கையில் அதைப் பார்த்துவிட்டு எழுந்து, "அக்கா, நம்ம வண்டி சேஸிஸ் ரொம்ப வீக்கா இருக்கு" என்றாய். அந்த வண்டி நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர்க் கேன் ஏற்றிக்கொண்டிருந்தது. அது ஒருநாளும் தனக்கு வீக் என்று சொன்னதில்லை. நான் வேண்டாம் என்றேன். உன் அத்தான்தான், பையன் ஏதோ ஆசைப்படுகிறான், கையில் ஒரு வேலை இருந்தால் மனசு தெளியும் என்றார். நீ கத்துக்குட்டித்தனம் பண்ண எங்கள் பிழைப்பை எடுத்துக் கொடுத்த மகராசன்.

அப்புறம் நம் கொட்டகை ஒரு வொர்க்ஷாப் ஆனது. வண்டியைக் கட்டைகள்மேல் ஏற்றி நிறுத்தினாய். பின்சக்கரத்தைக் கழற்றினாய். சக்கரத்தின் அதிர்ச்சியை வளைந்து தாங்கும் கமான் பட்டைகளைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் கொண்டிகளை வெட்டி எடுத்துவிட்டு, கொஞ்சம் கீழே தள்ளிப் புதுக் கொண்டி வைத்தால் வண்டி உயரும் என்றாய். சேஸிஸின் இரண்டு பக்கமும் தகடு வைத்துப் பற்றவைத்தாய். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துக் கண் வீங்கி இரண்டு நாள் படுத்தாய். உன் கண்ணுக்கு ஈரத்துணி நனைத்துப் போட்டது யார் என்று ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன். கடைசியில் கறுப்புப் பெயின்ட் அடித்துச் சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாய். அவருக்கு மாட்டு வண்டிக்கும் மோட்டார் வண்டிக்கும் வித்தியாசம் சத்தம்தான். அவர் உன் தோளைத் தட்டி, இன்ஜினியர் படித்தவன்கூட இப்படிப் பண்ணமாட்டான் என்றார். உண்மைதான், பண்ணமாட்டான்.

வண்டியை வெளியே எடுத்து ரோட்டில் நிறுத்தியபோது அது டிரைவர் பக்கம் சாய்ந்து நின்றது. பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக் கேட்கிறவள் மாதிரி ஒருபக்கமாகத் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றது. எல்லோரும் பார்த்தோம். நீயும் பார்த்தாய். பார்த்துவிட்டு உன் அத்தானை மேலும் கீழுமாக அளந்து, "அத்தான், கொஞ்சம் எடை கூடிட்டீங்க. உங்க பக்கமே சாயுது பாருங்க" என்றாய். அந்த மனிதர் வண்டிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். வண்டிக்குள் யாருமே இல்லை. அது உனக்கும் உறைக்கவில்லை, அவருக்கும் உறைக்கவில்லை. அவர் வெட்கத்தோடு வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அரைத் தட்டுச் சாப்பாடு. போதும் போதும் என்று கையை வைத்து மறைத்துக்கொள்வார். அரை வயிற்றோடு மேட்டுத் தெருப் படிகளில் தோளில் கேன் சுமந்து ஏறினார்.

ஆனாலும் சாய்வு போகவில்லை. போகாது என்று நீயும் பிறகு கண்டுபிடித்தாய். அதற்கு உன் வைத்தியம் என்ன? டிரைவர் பக்கம் மட்டும் கூடுதலாக இரண்டு கமான் பட்டை செருகினாய். வண்டி நிமிர்ந்து நின்றது. உன் நெஞ்சும் நிமிர்ந்தது. அடுத்த வாரம் விசா வந்தது, பெட்டியைக் கட்டினாய், போய்விட்டாய். வண்டி எங்களிடம் இருந்தது.

அது ஓடிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும். ஒரு பக்கம் குதிக்கும், ஒரு பக்கம் குதிக்காது. டிரைவர் பக்கம் பாறை மாதிரி இறுகிவிட்டது. பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக எங்கள் முதுகெலும்பில் இறங்கும். உன் அத்தான், புதுசு இல்லையா, போகப் போகப் பழகிவிடும் என்பார். செருப்புக்குச் சொல்கிற சமாதானத்தை வண்டிக்குச் சொன்னார். பட்டை வளைந்து கொடுக்காவிட்டால் அந்த அடியெல்லாம் சேஸிஸுக்குப் போகும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. தெரியாததை நாங்கள் தொடவும் இல்லை.

இப்போது கவனமாகப் படி. டீச்சரின் மருமகன் பக்கத்தில் இருந்தால் அவரை உட்காரச் சொல்.

உன் அத்தான் குளியலறையில் வழுக்கி விழவில்லை.

மேட்டுத் தெருவுக்குத் திரும்பும் ஏற்றத்தில், வண்டி நிறையக் கேன்களோடு போய்க்கொண்டிருந்தோம். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை, யாரோ கதவைச் சாத்தியது போல. அவர் ஓரமாக நிறுத்தினார், சக்கரத்துக்குக் கல் வைத்தார், என்ன ஏது என்று பார்க்கப் பின்பக்கம் கீழே படுத்து முழங்கால்வரை உள்ளே நுழைந்தார். நீ வைத்த தகடு முடிகிற இடத்தில் சேஸிஸ் பாதி கிழிந்திருந்தது. மீதிப் பாதி அப்போது கிழிந்தது. பின்பாரம் முழுக்க அப்படியே இறங்கி அவர் தொடைமேல் உட்கார்ந்தது.

அந்த ஏற்றத்தில் அந்த நேரத்துக்கு ஆள் நடமாட்டம் இல்லை. நான் மேலே ஏறி ஒவ்வொரு கேனாகத் தூக்கி வெளியே எறிந்தேன். பாரம் குறைந்தால் கொஞ்சம் எழும்பாதா என்று. கேன்கள் உடைந்து, ரோட்டோரமாகத் தண்ணீர் ஓடி அவருக்குக் கீழேயே போனது. அவர் அந்தத் தண்ணீரில் கிடந்தார். கத்தவில்லை. நான் அழுதுகொண்டே எறிகிறேன், அவர் கீழே இருந்து என்னைக் கூப்பிடுகிறார். ஏதோ கடைசியாகச் சொல்லப்போகிறார் என்று குனிந்தேன். அப்போது அவர் சொன்னது இதுதான்: "சின்னவன்கிட்ட சொல்லிடாத. அங்க தனியா இருக்கான், பயந்துடுவான்."

இவரை ஊரில் எல்லோரும் தங்கமான மனுஷன் என்கிறார்கள். எனக்கு வாயில் வேறு வார்த்தை வருகிறது, காகிதத்தில் எழுதினால் நன்றாக இராது. அப்புறம் வந்தவர்கள் வண்டியைத் தூக்கி அவரை எடுத்தார்கள், ஆஸ்பத்திரியில் தொடைக்குள் இரும்புக் கம்பி வைத்துத் தைத்தார்கள். போனில் நீ கேட்டபோது குளியலறை, சோப்பு, வழுக்கல் என்று அவரே முந்திக்கொண்டு கதை கட்டினார். நீ, "பாத்து நடக்கக் கூடாதா அத்தான்" என்று அவருக்குப் புத்தி சொன்னாய். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இனி, நீ செய்த தப்பு எங்கே இருக்கிறது என்பதைக் கேள். தகடு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்வாய், தகட்டை மாற்றிக்கொண்டு அங்கே பற்றவைக்கக் கிளம்பிவிடுவாய். அப்படி விடக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வண்டியை இழுத்துவந்து கொட்டகையில், அதே இடத்தில், கட்டைமேல் நிறுத்தினார்கள். சேறும் எண்ணெயும் தரையெல்லாம் சிந்திக் கிடந்தது. வழக்கம்போல வாளியை எடுத்துத் தண்ணீரை ஊற்றினேன். மூலைச் சாக்கடை வாயில் சாக்கு அடைத்திருந்ததால் தண்ணீர் வெளியே போகாமல் நின்றது. எப்படி நின்றது தெரியுமா? சாக்கடைப் பக்கம் இரண்டு விரல் ஆழம். டிரைவர் பக்கம் தரை காய்ந்து கிடந்தது. ஒரே வண்டியின் இரண்டு சக்கரத்துக்கு நடுவே.

நான் நிமிர்ந்து உன் சுவரைப் பார்த்தேன். இடது பக்கம், வலது பக்கம், தரையிலிருந்து கொண்டிக்கு உயரம். இரண்டுக்கும் ஒரே எண். கீழே இரண்டு கோடு இழுத்து, 'பக்கா' என்று எழுதியிருந்தாய்.

சேஸிஸை ரசமட்டம் வைத்துச் சமமாக நிறுத்தினாய். அதை நான் கண்ணால் பார்த்தேன், அந்தக் குமிழியை நடுவில் கொண்டுவரத் தலைகீழாக நின்றாய். அதெல்லாம் சரி. ஆனால் கொண்டிகள் எங்கே வரவேண்டும் என்பதைத் தரையிலிருந்து டேப் பிடித்து அளந்தாய். தரை சமம் என்று உனக்கு யார் சொன்னது? அது அப்பா பால் கேன் கழுவுவதற்காகப் போட்ட தரை. கழுவிய தண்ணீர் மூலைக்கு ஓடவேண்டும் என்று சரித்துப் போட்டது. தரை மேடான டிரைவர் பக்கக் கொண்டி மேலேயும் சாக்கடைப் பக்கக் கொண்டி கீழேயும் நின்றது அதனால்தான். வண்டி சாய்ந்தது அதனால்தான். என் புருஷன் எடையால் இல்லை. அந்தச் சாய்வை மறைக்கத்தான் நீ பட்டை செருகினாய், அந்தப் பட்டை இறுகித்தான் அடி சேஸிஸில் விழுந்தது. தகட்டின் ஓரத்தை நேராக வெட்டி மேலிருந்து கீழாக ஒரே கோடாகப் பற்றவைத்திருந்தாய். காகிதத்தை மடித்து நகத்தால் நீவிவிட்டால் அந்தக் கோட்டில்தானே கிழியும், அப்படிக் கிழிந்தது.

அந்தத் தரை சரிவு என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். எனக்குப் பாவாடை கட்டுகிற வயதிலிருந்தே தெரியும். பள்ளிக்கூடம் போகுமுன் கேன்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போவேன். கல்யாணமாகி வந்த உன் அத்தானுக்குக்கூடத் தெரியும். அதே வீட்டில் பிறந்து வளர்ந்த உனக்குத் தெரியாது. ஏனென்றால் நீ ஒரு நாளும் அந்தத் தரையைக் கழுவியதில்லை. நாங்கள் கழுவும்போது உனக்குத் தூக்கம், கொஞ்சம் வளர்ந்தபின் படிப்பு, அப்புறம் கால்வலி. எங்கோ பாலைவனத்தில் எவன் எத்தனை அங்குலம் உயர்த்தினான் என்பது உனக்கு மனப்பாடம். நீ நிற்கிற தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியவில்லை.

உன் மனம் ஆறுவதற்கு ஒன்று சொல்கிறேன். வண்டியைச் சரிசெய்ய பட்டறையிலிருந்து ஒரு வெல்டரைக் கூட்டிவந்தேன். வாய் ஓயாத ஆள். தகட்டு ஓரத்தைச் சாய்வாக வெட்ட வேண்டும், பட்டையைப் பழைய கணக்குக்குக் கொண்டுவர வேண்டும் என்று பெரிய பிரசங்கம். யார் செய்த வேலை என்று கேட்டார், ஒரு இன்ஜினியர் என்றேன், தலையில் அடித்துக்கொண்டார். பிறகு டேப்பை எடுத்து, ஒரு முனையைத் தரையில் வைத்து மிதித்துக்கொண்டு, கொண்டிக்கு உயரம் பார்த்தார். தரையிலிருந்து பார்க்காதீர்கள் என்றேன். இருபது வருஷமாக இப்படித்தான் பார்க்கிறேன் என்றார். வாளியை எடுத்து அவர் காலடியில் ஊற்றினேன். செருப்பு நனைந்தபோது துள்ளினார், தண்ணீர் போன திசையைப் பார்த்ததும் வாயை மூடினார். அதற்கப்புறம் சேஸிஸிலிருந்தே அளந்தார். ஆக, உலகத்தில் நீ ஒருவன்தான் மடையன் என்று எண்ணி வருந்த வேண்டாம்.

இப்போது வண்டி ஓடுகிறது. நான்தான் ஓட்டுகிறேன். சிரிக்காதே, உன்னைவிட ஒழுங்காக ஓட்டுகிறேன்.

தம்பி, கேட்டுக்கொள். அந்த சூப்பர்வைசரிடம் போய் எனக்கு இந்த வேலை தெரியாது என்று சொல். தெரியாது என்ற ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. டீச்சரின் மருமகனைத் தவிர அங்கே நம் ஊரார் யாரும் இல்லை, தைரியமாகச் சொல். சொல்ல வெட்கமாக இருந்தால் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. உன்னைத் திட்டியிருக்கிற இடங்களை விட்டுவிட்டுப் படித்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். வொர்க்ஷாப் மாற்றல் போனால் போகட்டும். அந்த வண்டியில் ஏறுகிற பதினான்கு பேருக்கும் வீட்டில் யாராவது அக்கா இருப்பாள். மேலே ஏறி நின்று எறிவதற்கு அங்கே கேன்கள் இருக்காது, ஆட்கள்தான் இருப்பார்கள்.

உன்னை எப்போதோ தண்ணீர் தெளித்து விட்டாயிற்று என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அப்படி விட்டிருந்தால் இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை:

கடிதத்தை ஒட்டுவதற்குள் அகப்பட்டுக்கொண்டேன். உன் அத்தான் ஊன்றுகோலோடு மெல்லக் கொட்டகைக்கு வந்துவிட்டார். கையிலிருந்து வாங்கி முழுக்கப் படித்தார். கிழித்துப் போடச் சொல்வார் என்று நினைத்தேன், நானும் இரண்டு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவர் கிழிக்கவில்லை. மடித்து என் கையில் திரும்பக் கொடுத்துவிட்டு, "பதினாலு பேர்னு எழுதியிருக்கியே, டிரைவரைச் சேத்தா, சேக்காமலா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "அந்த டிரைவர்கிட்ட சொல்லச் சொல்லு. சத்தம் கேட்டா கீழ படுத்துப் பாக்கக் கூடாதுன்னு" என்றார். அவ்வளவுதான், கூடத்துக்குப் போய்விட்டார். அதை எழுதிவிட்டேன். நீ தகட்டைத் தொட்டிருந்தாலும் தொடாவிட்டாலும் அந்த டிரைவரிடம் போய் இதைச் சொல்.

சாய்ந்தது தரைதான், நீங்கள் இல்லை, இனிமேலாவது வயிறாரச் சாப்பிடுங்கள் என்று அவரிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். பழகிவிட்டது என்கிறார். இன்னும் அரைத் தட்டுதான். அவருக்கு முழுத் தட்டு போடுவதற்கு உன்னால்தான் முடியும், உன் வாயால் ஒரு தடவை சொல்.

நன்றாகச் சாப்பிடு. அந்த வண்டியில் நீயும் ஏறித்தான் வேலைக்குப் போகிறாய் என்பதை மறந்துவிடாதே. போன காலோடும் போன கையோடும் திரும்பி வா. வந்ததும் முதல் வேலையாகக் கொட்டகைத் தரையைக் கழுவிக் கொடு. துடைப்பம் எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. அது எந்த இடம் என்று உனக்குத் தெரியாது. என்னைக் கேள், சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைத் திட்டுவதற்கென்றே இருக்கிற
அக்கா